சுனிதாவின் வாளி

இன்று காலை ஆர்.கே.புரம் மெட்ரோ வாசலில் ஒருவர் கின்னோ உரித்துக்கொண்டிருந்தார். தில்லிக் குளிருக்கென்றே வருகிற அந்த ஆரஞ்சின் தோல் வாசனை மூக்கில் ஏறியதும் சுனிதா ஞாபகம் வந்துவிட்டாள். வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எரிகிறது, என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

நானும் அவளும் அங்கே அரசுக் குடியிருப்புக்குள் இருந்த சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர்கள். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் என் வகுப்பு, அந்தப் பக்கம் அவளுடையது. டீச்சரின் பிள்ளை அதே டீச்சரிடம் படிக்கக் கூடாது என்பது பள்ளியின் வழக்கம். அதனால் நாலு வயதான என் மகள் நித்யா அந்தப் பக்கம் போனாள்.

அறிவியல் வகுப்பென்றால் எனக்கு ஏக உற்சாகம். கரோல் பாகில் அலைந்து கலர் அட்டை வாங்கி, மிதப்பவை ஒரு பக்கம், மூழ்குபவை ஒரு பக்கம் என்று படம் வரைந்து மாட்டினேன். கட்டை மிதக்கும், ஆணி மூழ்கும் என்று என் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். கேட்க அத்தனை அழகு. வாளியும் வைத்திருந்தேன். ஆனால் ஜனவரித் தண்ணீரில் கை வைத்தால் சளி பிடிக்குமே என்று, எல்லாவற்றையும் நானே போட்டுக் காட்டிவிடுவேன்.

சுனிதா அட்டை கிட்டை எதுவும் வாங்கவில்லை. டிபனோடு கொண்டுவந்த கின்னோவை வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, என்ன ஆகும் என்று கேட்பாள். "க்யா லக்தா ஹை?" அவ்வளவுதான், அப்புறம் வாயே திறக்கமாட்டாள். மிதக்கும், இல்லை மூழ்கும் என்று அங்கே ஒரே சண்டை. தோலோடு போட்டது மிதந்ததும் ஒரு கூச்சல். உரித்துப் போட்டது அடியில் போய் உட்கார்ந்ததும் அதைவிடப் பெரிய கூச்சல். அத்தனை சத்தத்திலும் என் மகளின் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். என் பிள்ளைகள் அட்டையை விட்டுவிட்டுத் தடுப்பையே பார்ப்பார்கள். நானும்தான்.

பெற்றோர் வந்த நாளில் பாராட்டெல்லாம் எனக்குத்தான். சுனிதாவின் வகுப்பு சந்தைக்கடை என்று முகம் சுளித்தார்கள். நான் குளிர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் நித்யா ஈர ஸ்வெட்டரோடு சுனிதாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, உரித்த பழம் ஏன் மூழ்குகிறது, தோலில் என்ன இருக்கிறது என்று துளைத்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் ஒருத்தி இந்தப் பக்கம் நிற்பது அவள் கண்ணில் படவேயில்லை.

அன்று சாயங்காலம் பாத்ரூம் வாளியில் நானும் ஒரு கின்னோவைப் போட்டேன். நித்யாவைக் கூப்பிட்டு, தோலுக்குள்ளே காற்று இருக்கிறது கண்ணா என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்மா, நீ சொல்லாதே. நான் நாளைக்கு மேம்கிட்டயே கேட்டுப் பாத்துக்கறேன்."

அச்சா என்றேன். அவள் போனதும் அந்தப் பழத்தை நானே தின்றேன். புளித்தது.

அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். பள்ளி இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. சுனிதாவும் டேராடூனுக்கே போய்விட்டாள். தொலைந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் நித்யாவுக்குப் பெண் பிறந்தது. பச்சைக் குழந்தை தூக்கத்தில் ஏன் சிரிக்கிறது என்று அவளுக்கு ஒரு சந்தேகம். உடனே டேராடூனுக்குப் போன் போட்டாள். நான் சமையலறையில் அவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன்.