புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்த நாள்

எங்கள் வீட்டில் யாரும் மெல்லப் பேச மாட்டோம். கூடத்தில் இரண்டு தறி. காலையில் அடிக்க ஆரம்பித்தால் சோறு கேட்பது, சண்டை போடுவது, கொஞ்சுவது எல்லாமே கத்தல்தான். புதிதாக வருகிறவர்கள் ஏதோ தகராறு என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள். என் எட்டு வயது மகள் கூப்பிட்டதும் வராவிட்டால், "காது இன்னா செவிடாடி?" என்று கத்துவேன். நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். எல்லா வீட்டிலும் சொல்வதுதானே!

போன கோடை விடுமுறையில் எங்கள் பக்கத்து நூலகத்தில் குடும்ப வாசிப்புப் போட்டி வைத்தார்கள். அப்பாவோ அம்மாவோ அங்கேயே உட்கார்ந்து பிள்ளைக்கு ஒரு கதை படித்துக் காட்ட வேண்டும். பிள்ளை போய் அந்தக் கதையை நூலகரம்மாவிடம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டையில் ஒரு ஸ்டாம்ப். பத்து சேர்ந்தால் ஒரு புத்தகம் பரிசு, சுவரில் போட்டோ. போட்டோ என்றதும் என் மகளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

ஐந்து ஸ்டாம்ப் மளமளவென்று விழுந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, புத்தகத்தை மேசைமேல் வைத்துப் படிப்பேன். அங்கே சத்தம் போடக்கூடாது என்பதால் குரலை அடக்கித்தான். அவள் வைத்த கண் வாங்காமல் என்னையே பார்ப்பாள். பிறகு போய் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். "இந்த மாதிரி கவனிக்கிற பொண்ண நான் பாத்ததே இல்லமா," என்றார் நூலகரம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாவது நாள் மேசை காலியில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெளிச்சம் போதாமல் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தேன். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியை ஊரே சேர்ந்து தூக்குகிற கதை. முடித்ததும் அவள் நூலகரம்மாவிடம் போய் நின்றாள். பாவாடையைத் திருகினாள். அட்டைப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒரு ஆடு இருந்துச்சு. அது புல்லு தின்னுச்சு. அப்புறம் வீட்டுக்குப் போயிடுச்சு," என்றாள். அவள் சொன்ன கதையில் கிணறே வரவில்லை.

வாசலுக்கு வந்ததும் எரிந்து விழுந்தேன். "தொண்டத் தண்ணி வத்தப் படிக்கிறேன், நீ எங்கடி பராக்கு பாத்துக்கினு இருந்த?"

"உன் வாயே தெரியலமா," என்றாள்.

செருப்பை மாட்டிக்கொள்ளக்கூட மறந்து படியிறங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம், சாப்பாட்டுக்காகத் தறி நின்றிருந்தது. அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். படத்தில் மூழ்கிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டேன். சட்டென்று திரும்பினாள்! போன உயிர் திரும்பி வந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது சிரித்தார். "சும்மா பயந்து சாவாத. தறி நின்னா மொதல்ல தலையத் தூக்கிப் பாக்கறதே அவதான். காது கேக்காமயா பாக்குறா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் பாழாய்ப்போன மனசு அடங்கவில்லை. சாயங்காலம் அவள் கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். தறி நின்றது. தலை நிமிரவில்லை. அதே சொம்பை அதே மாதிரி போட்டேன். அசையவில்லை. தரை அதிர்ந்ததையும் அதிர்வு நின்றதையும்தான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், உடம்பால். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குப் பத்து தடவை "செவிடாடி" என்று கத்தியது நான்தான்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும்.

"இதுக்கும் ஸ்டாம்ப் குடுப்பாங்களாமா?" என்றாள். கொடுப்பார்கள் என்று தலையாட்டி வைத்தேன்.

பரிசோதிக்கும் பெண் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாதபடி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். பக்கத்தில் நான், மகளுக்கு நேரெதிரே நின்றிருந்தேன். அழுத்திய ஒவ்வொரு தடவையும் மகளின் கை மேலே போனது. கேட்குது, என் தங்கத்துக்குக் கேட்குது! காமாட்சிக்குப் புடவை சாத்துவதாக அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பெண் அழுத்துவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒவ்வொரு வாட்டியும் நீங்க மூச்சப் புடிச்சிக்கினு முன்னாடி சாயறீங்க. கொஞ்சம் செவுத்தப் பாத்து நில்லுங்கமா."

திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் பொத்தான் டிக்கென்றது. மறுபடி டிக். நடுவில் பேனா கீறும் சத்தம். எத்தனை டிக் என்று எண்ணக்கூட பயமாக இருந்தது.

கதவு திறந்ததும் மகள் ஓடி வந்தாள். என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நல்லாத்தானமா கையத் தூக்கிக்கினு இருந்தேன். நீ ஏன் நடுவுல திரும்பிக்கின?"