லிஃப்ட் மெக்கானிக் பூட்டிய வாசல்

பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். மற்ற நேரத்தில் முந்நூறு பேருக்குச் சம்பளமில்லாத வாட்ச்மேன். வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் முனகிக்கொண்டிருக்கும் பழைய கணினிதான் அவருடைய சர்வர்; அந்த முந்நூறு பேரின் கணக்குகளும் அதில்தான். முதலாளியே இல்லாத சமூக வலைத்தளம் என்றால் இப்படித்தான், யாரோ ஒருவர் வீட்டில் செருப்பு வாடையில் இருக்கும். இதுபோல ஊருக்கு ஊர் சர்வர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனிச் சட்டம். ஆனால் எல்லாம் ஒரே விதிப்படி பேசிக்கொள்வதால் அங்கே ஒருவர் எழுதினால், அவரைப் பின்தொடர்பவருக்கு இங்கே வந்து விழும்.

முதலாளி இல்லை என்பதில் எல்லோருக்கும் குஷி. புகார் மட்டும் மெக்கானிக்குக்கு.

அவர் மனைவிக்கும் மனைவியின் தங்கைக்கும், அவர்கள் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற தகராறில் பேச்சு நின்றுபோயிருந்தது. தங்கை இருப்பது வேறொரு சர்வரில். அவள் போடும் குழந்தைப் படங்களை அக்கா தினமும் பார்ப்பார். அக்காவின் பதிவுகளைத் தங்கையும் பார்ப்பாள். இருவரும் மூச்சு விடமாட்டார்கள்.

ஒரு மாலை, நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிடந்துவிட்டு வந்தார் மெக்கானிக். தங்கையின் சர்வரிலிருந்து போலிக் கணக்குகள் கடன் விளம்பரமாகக் கொட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தடுக்கத் தெம்பில்லை. அந்த சர்வரிலிருந்து எதுவுமே உள்ளே வராதபடி மொத்தமாகப் பூட்டிவிட்டுப் படுத்தார்.

அடுத்த வாரம் மனைவி கேட்டார்.

"என்னங்க, குட்டிப்பயல் படமே வரலையே?"

"எந்தக் குட்டிப்பயல்?"

"உங்க மச்சினிச்சி பையன்தான்."

அவர் அலமாரிக்கு ஓடினார். உடனே பூட்டைத் திறந்தார். பிரயோஜனமில்லை. பூட்டியபோதே அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பின்தொடர்வது இரு பக்கமும் அறுந்துவிட்டது. திறந்தால் தானாக ஒட்டாது.

"நான் மறுபடி ரெக்வெஸ்ட் குடுக்கணுமா? அவகிட்டயா?"

"வேற வழியில்லம்மா."

"நிர்வாகின்னு பெருசா பீத்திக்கிறீங்க!"

"இந்தச் செருப்பு அலமாரிக்குத்தான். அங்க வேற ஆளு."

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு மனைவி அனுப்பினார். தங்கை ஏற்றுக்கொண்டாள். மறுநாள் காலை ஒரு படம் வந்தது. பூட்டுவதற்கு முன் தவழ்ந்துகொண்டிருந்தவன், எதையும் பிடிக்காமல் நடுக்கூடத்தில் நின்றான். இடையில் போட்ட படங்கள் இந்த சர்வருக்கு வரவே இல்லை. இனித் தானாக வரவும் வராது.

மனைவி எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்: "எப்ப எழுந்து நின்னான்?"

பதில் வந்தது: "போனை எடுக்கா. அதை எழுதியெல்லாம் சொல்ல முடியாது."

போன் அடித்தது. மனைவி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

திறந்த வாசல் வழியாகக் கடன் விளம்பரங்களும் திரும்ப வந்துகொண்டிருந்தன. வேலைக்குக் கிளம்பிய மெக்கானிக் ஒரு காலில் ஷூவோடு அலமாரி முன் குந்தினார். இந்த முறை ஒவ்வொன்றாகத் தடுக்கத் தொடங்கினார்.