ஆமைக்கு விழுந்த கையெழுத்துகள்

நான் அந்த அமைப்பில் சேர்ந்தது கொள்கை வெறியில் அல்ல, அலுப்பில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பலில் வரும் பெட்டிகளுக்கான தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, சுங்க இலாகாவிலிருந்து பதில் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், போனில் வந்த ஏதோ ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் நன்றி சொல்லி மெயில் வந்தது. கொஞ்ச நாளில், தமிழ் எழுத வருமா என்று கேட்டு இன்னொன்று. வரும் என்றேன்.

அமைப்புக்குக் கொடி, கட்டடம் எதுவும் கிடையாது. எல்லாம் இணையத்தில்தான். ஒரு பிரச்சினையை எடுத்து மனு எழுதுவார்கள். லட்சக்கணக்கான பேருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கி அமைச்சரிடமோ அதிகாரியிடமோ கொடுப்பார்கள். மனுக்களைத் தமிழில் எழுதுவதும், கீழே வந்து விழும் அசிங்கமான பின்னூட்டங்களை அழிப்பதும் என் வேலை. எங்களை ஒருங்கிணைத்தவள் பெங்களூரில் இருந்த ஒரு பெண். என்னைவிடச் சின்னவள், மெய்யாகவே நல்லவள். எந்தப் பிரச்சினைக்கும் ஒரு முகம் வேண்டும், முகம் இல்லாத மனுவை யாரும் திறக்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வாள்.

எனக்குத் தெரிந்த ஒரு முகம் இருந்தது. எங்கள் தெருவில் மீன் விற்பவளை அண்ணி முறைக்கு மைனி என்பேன். அவள் கணவர். சங்கு குளித்தவர். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்குவார். ஒருநாள் குழாயில் காற்று நின்றுபோனது. மூச்சுக்காக விருட்டென்று மேலே வந்துவிட்டார். ஆழத்திலிருந்து அப்படி வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டும். உடனே காற்றழுத்தம் கூட்டிய அழுத்த அறையில் படுக்கவைத்தால் சரியாகும் என்கிறார்கள். அப்படி ஒரு அறை இருந்த ஊருக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. எங்கள் கரையிலேயே அரசு ஒரு அழுத்த அறை அமைக்க வேண்டும் என்று மனு எழுதினேன். அவரிடம் சம்மதம் கேட்கப் போனேன்.

கட்டிலில் கிடந்தார். கால் போன பிறகு அவருக்கு வாய்தான் வேலை செய்தது, அதுவும் மனைவியைக் குத்துவதற்கு. அவள் வைத்த குழம்பைச் செத்தவனுக்கு வைக்கும் படையல் என்பார். அவளும் விடமாட்டாள். படையல் தின்கிறவன் இவ்வளவு பேசமாட்டான் என்பாள்.

"ஏளா, கையெழுத்துப் போட்டா என் காலு எந்திரிச்சிருமா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. இனிமே முங்குதவங்களுக்கு ஒதவும்."

"அப்பம் அவன் மூஞ்சியப் போடேன். என் மூஞ்சி எதுக்கு?"

ஆனால் கேமராவைப் பார்த்ததும் பேசினார். தண்ணீருக்குள் மூச்சு நின்ற அந்த நேரத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் கிண்டல் இல்லை. நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பெங்களூர்க்காரி அழுததாகச் சொன்னாள்.

எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன் ஒரு பரீட்சை வைப்பார்கள். பட்டியலிலிருந்து கொஞ்சம் பேருக்கு ஒரு மனு, அதே அளவு பேருக்கு இன்னொரு மனு. எதை அதிகம் பேர் திறக்கிறார்களோ அதுதான் எல்லோருக்கும் போகும். அந்த வாரம் அவருடைய மனுவோடு மோதியது வலையில் சிக்கிய கடலாமை.

ஆமை ஜெயித்தது. கொஞ்சநஞ்சமல்ல. பெங்களூர்க்காரி திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். ஆமையின் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது, அவருடையது தரையோடு கிடந்தது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அது நம் கடல் ஆமையா என்று கேட்டேன். விலைக்கு வாங்கிய படம், எந்தக் கடல் என்று தெரியாது என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். அவர் கடலடியில் ஆமைகளைப் பார்த்திருப்பார் அல்லவா? ஆமைக்கான லைவில் வந்து இரண்டு வார்த்தை பேசுவாரா?

நான் போனபோது மைனி அவரைப் புரட்டிப் போட்டு முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

மைனி கையைத் துடைத்துக்கொண்டு, "ஏளா, அந்த ஆமை பொழச்சிச்சா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அதைக் கேட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்று வருத்தப்பட்டாள்.

லைவுக்கு அவர் ஒப்புக்கொண்டார். மைனி அவருக்கு முகச்சவரம் செய்து வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டாள். பெங்களூர்க்காரி கேட்பதை நான் தமிழில் சொல்ல வேண்டும், அவர் சொல்வதை ஆங்கிலத்தில். ஆமை கடலடியில் எப்படி இருக்கும் என்பது முதல் கேள்வி. ஆளைக் கண்டால் ஒதுங்கிப்போகும், யாருக்கும் தொந்தரவு இல்லாத சீவன் என்று நிதானமாகச் சொன்னார். பெங்களூர்க்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. பார்க்கிறவர்களும் இதயமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. "சின்னதுல எங்கப்பா ஆமை ரத்தம் வாங்கித் தருவாவ. தம்ளர்ல. அறுத்த ஒடனே குடிக்கணும், சூடா இருக்கும். நல்லாத்தான் இருக்கும்."

என்ன சொல்கிறார் என்று பெங்களூர்க்காரி கேட்டாள். சொன்னேன். அவள் முகம் சிரித்தபடியே நின்றது. இணைப்பு நின்றதா, அவளேதான் நின்றாளா என்று எனக்குப் புரியவில்லை.

பின்னூட்டங்கள் கொட்டத் தொடங்கின. கால் போனது போதாது, கையும் போகட்டும். கடல் கொடுத்த தண்டனை. இவனை அந்த வலையிலேயே கட்டிப் போடுங்கள். எழுதியவர்களின் படங்களில் குழந்தைகளும் நாய்க்குட்டிகளும் இருந்தன. நான் அழிக்க அழிக்க வந்துகொண்டேயிருந்தன. அவர் மனைவியின் போனில் அதைத் திறக்கச் சொல்லி, வாசிக்கச் சொன்னார். மாதா கோயிலில் வேதவசனம் வாசிக்கிற அதே குரலில், எழுத்துக்கூட்டி, ஒன்றுவிடாமல் அவள் வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் சிரித்தார். ஓரிடத்தில் அவள் நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்துத? வாசி."

"இவன் பொண்டாட்டிதான் பாவம். இவன் சீக்கிரம் போய்ச் சேந்தா அவளாவது நல்லாருப்பா."

அவர் சிரிக்கவில்லை. "இவன் ஒருத்தந்தான் வெவரம் தெரிஞ்சவன்," என்றார். மைனி போனை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவர் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லவில்லை.

மறுநாள் அமைப்பு மன்னிப்புக் கேட்டது, அவரிடம் அல்ல. விருந்தினர் ஒருவரின் பேச்சால் மனம் புண்பட்ட ஆதரவாளர்களிடம் வருந்துகிறோம் என்று அறிக்கை. அதைத் தமிழாக்கியது நான்தான். அந்தக் கோபத்திலேயே ஆமைக்கு இன்னும் கையெழுத்துகள் குவிந்தன.

மழைக்காலத்தில் அவர் செத்துப்போனார். புண் உள்ளுக்குள் புரையோடிவிட்டது. அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து பெங்களூர்க்காரிக்குத் தகவல் சொன்னேன், சொல்லாமல் இருக்கக் கூடாதே என்றுதான். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. அந்த அறை மனுவை மறுபடி பரீட்சை வைத்துப் பார்க்கலாம், இப்போது வேறு மாதிரி வரும், அவர் மனைவி பேசினால் ரொம்ப நல்லது என்று எழுதியிருந்தாள்.

நான் மைனியிடம் போய் அதை அப்படியே சொன்னேன். பூசி மெழுகவில்லை.

"அவிய கெடக்கும்போது வேண்டாம்னாவ. செத்த பொறவு வேணுமாக்கும்?"

"ஆமா மைனி."

பக்கத்து வீட்டுக்காரன் இப்போதும் முங்கப் போவதைச் சொன்னாள். "சரி. அழணுமா?"

"ஒங்க இஷ்டம் மைனி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுளா. அழுதா அந்த ரூம் வருமா?"

"ரூம் வருமான்னு தெரியாது. அழுதா கையெழுத்து நெறைய விழும்."

சேலையைச் சரிசெய்துகொண்டு காலியான கட்டிலில் உட்கார்ந்தாள். நான் போனைத் தூக்கினேன். அவள் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அடக்கத்தன்றுகூட அவளிடம் பார்க்கவில்லை. அவரைத் திட்டி, கடலைத் திட்டி, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "போதுமா? இல்லன்னா இப்பமே சொல்லு, மீன் ஏலத்துக்குப் போணும்," என்றாள்.

போதும் என்றேன்.

இந்த முறை அவர் ஜெயித்தார். ஆமைக்கு விழுந்ததைவிட அதிகம் விழுந்தது. சென்னையில் ஒரு அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அறை வரவில்லை. நான் இப்போது அந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. ஏன் என்று பெங்களூர்க்காரி கேட்டாள், வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

கையெழுத்து எண்ணிக்கையை ஒருநாள் தெருவில் மைனிக்குக் காட்டினேன். மீன் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இம்புட்டுப் பேரும் அப்பம் எங்கன இருந்தாவ?"

"அப்பமும் இதே ஆளுங்கதான் மைனி."

தலையை ஆட்டினாள். சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய்க் குரல் கொடுத்தாள்.