ஆரியசாலை ஸ்டாப்பின் பாட்டு

ஜஸ்டின் அண்ணன் போய்விட்டார். எங்கள் காலேஜ் பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே...

பஸ் குரூப்பில் மெசேஜ் வந்தபோது, வருஷக் கடைசியில் வழக்கமாகப் போடுகிற பதிவை டைப் செய்துகொண்டிருந்தேன். 'இந்த வருஷம் எனக்குப் பிடித்த பாட்டுகள்.' மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது, முதல் இடத்தை மட்டும் நிரப்ப வெட்கமாக இருந்தது.

ஏனென்றால் அது நானே பாடின பாட்டு.

அந்த லிஸ்டில் பாதிக்கு மேல் அவர் பஸ்ஸில் கேட்டவைதான். அங்கே ஒரு சட்டம் உண்டு, ஒரு ஸ்டாப்புக்கு ஒரு பாட்டு. முந்தின நாளே அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும், அந்த ஸ்டாப்காரர்கள் ஏறும்போது அது ஓடும். அனுப்பினால் அனுப்பினதுதான், மாற்ற முடியாது.

விழிஞ்ஞத்தில் எப்போதும் குத்துப்பாட்டு. திருவல்லத்தில் ஏறுகிற கூட்டத்துக்குள் தினமும் அடிதடி நடந்து கடைசியில் கொரியன் பாட்டு ஜெயிக்கும். ஆரியசாலையில் ஏறுவது நான் ஒருத்திதான், எனக்கு எதிர்க்கட்சியே கிடையாது.

ஆனால் முதல் வருஷம் நான் தமிழ்ப் பாட்டு அனுப்பினபோது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "பாண்டிப் பாட்டு வந்நு."

மலையாளிகள் தமிழர்களுக்கு வைத்திருக்கிற கேலிப்பெயர் அது. எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு நானும் மலையாளப் பாட்டாகவே அனுப்ப ஆரம்பித்தேன். சொந்தமாகப் பாட்டுக் கட்டுவேன் என்பதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் மழை தொடங்கின சமயத்தில்தான் அந்தச் சொதப்பல். ஏதோ ஹிட் பாட்டை அனுப்புவதாக நினைத்து, அடுக்களையில் நின்று போனில் ரெக்கார்ட் பண்ணின என் பாட்டை அண்ணனுக்கு அனுப்பித் தொலைத்திருக்கிறேன்.

காலையில் பஸ்ஸில் ஏறுகிறேன்... ஸ்பீக்கரில் என் குரல். மழையில் எங்கள் வீட்டுப் பக்கத்து 'சாலை' கடைத்தெருவில் லோடு இறக்குகிறவர்களைப் பற்றி நான் எழுதின வரிகள், பின்னால் மிக்ஸி சத்தம், நடுவில் எங்கள் அம்மா: "ஏட்டி, தேங்காய எங்க வச்ச?"

பஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. முன்னால் ஓடி நிறுத்தச் சொன்னேன், அழுகையே வந்துவிட்டது. அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரி மக்களே. ஒனக்க ஸ்டாப்பு பாட்டு முடியட்டு" என்றார்.

பாட்டு கொஞ்சம் நீளம், அடுத்த ஸ்டாப்போ பக்கத்தில். வண்டியை மாட்டுவண்டி மாதிரி உருட்டினார். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள், அவர் அசையவே இல்லை. கடைசி வரி முடிந்த பிறகுதான் ஸ்டாப் வந்தது. அதற்குள் சிரிப்பும் அடங்கியிருந்தது.

காலேஜில் இறங்கும்போது, "பாட்டு கொள்ளாம், நல்லாருக்கு கேட்டியா. அம்மைக்க சத்தத்த மட்டும் எடுத்துராத" என்றார்.

அடுத்த வாரம் பின்சீட்டிலிருந்து, அந்த மிக்ஸிப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லி ஒரு ரிக்வெஸ்ட். பாண்டிப் பாட்டு என்ற அதே குரல். பெயர் சொல்ல மாட்டேன், அவன் இதைப் படிப்பான்.

பிறகு வருஷம் முழுக்க அது ஓடியது. திருவல்லத்துக்காரர்கள் கொரியனை விட்டுக்கொடுத்து அதைக் கேட்ட நாட்களும் உண்டு.

அண்ணனைப் பற்றி வேறு பெரிதாக எனக்குத் தெரியாது. மதியம் டிரைவர் சீட்டிலேயே மீன்குழம்புச் சோறு சாப்பிடுவார். பரீட்சை நாளில் மட்டும் பாட்டே கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும் போட மாட்டார்.

இன்று காலை புது டிரைவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பாட்டு இல்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இனிமேல் யாருக்காகப் பாட்டுக் கட்டுவது, பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

சாயங்காலம் எல்லாரும் அதே பஸ்ஸில் விழிஞ்ஞத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போனோம். அடக்கம் முடிந்து வீட்டு வாசலில் நின்றபோது, அவருடைய மனைவி ஒவ்வொருவரையும் எந்த ஸ்டாப் என்று கேட்டார்கள். நான் ஆரியசாலை என்றதும் என் கையைப் பிடித்தவர்கள் விடவே இல்லை. வீட்டிலும் அந்தப் பாட்டை அடிக்கடி வைப்பாராம்.

அவர்கள் மகள், நாலாம் கிளாஸ் படிக்கிறவள், பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அக்கா, அடுத்த பாட்டு எப்ப? வரும்னு அப்பா சொன்னாவ."

எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். பச்சைப் பொய்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து முதல் நாலு வரியை எழுதிவிட்டேன். இப்போது அது பொய் இல்லை.

போய் வாங்க, ஜஸ்டின் அண்ணா.