படிவத்தின் பின்பக்கத்தில் இரண்டு வட்டங்கள்

என் கோப்பில் ஒரு படிவம் இருக்கிறது. முன்பக்கம் மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கான விண்ணப்பம். கையெழுத்துக்கான இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பின்பக்கத்தில் நீலப் பேனையால் வரைந்த இரண்டு வட்டங்கள். முதல் வட்டத்திலிருந்து கிளம்பும் ஓர் அம்பு வளைந்து அதே வட்டத்துக்குத் திரும்புகிறது. இன்னொன்று இரண்டாவது வட்டத்துக்குப் போகிறது. வரைந்தவர் என் மச்சாள், அம்மாவின் அண்ணன் மகள்.

சுனாமியில் மச்சாளின் அம்மா, என் மாமி, கல்லடிக் கரையில் இறந்துபோனார். மூன்றாம் நாள் உடலை அடையாளம் காட்டி, பத்திரத்தில் கையெழுத்து வைத்தது மச்சாள்தான். அதன்பிறகு கடலோரக் கிராமங்களில் சைரன் கோபுரம் அமைக்கும் வேலை புளியந்தீவில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்தது. சைரனை இயக்கும் நிரலை எழுதுவது நான். அது சரியா என்று சோதிப்பது கணிதம் படித்த மச்சாள். அவர் கொண்டுவந்த மென்பொருள் கருவிகளில் சொடுக்கப் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டவேண்டும். 'எப்போதும்', 'அதுவரை', 'எப்போதாவது' என்று காலத்தைச் சொல்லும் விதியை ஒற்றை எழுத்துக் குறிகளால் எழுதினால், ஒரு கட்டளை அதை வட்டங்களும் அம்புகளுமாக மாற்றித் தரும். இன்னொரு கட்டளை, நிரல் அந்த விதியை எங்கே மீறுகிறது என்று படிப்படியாகக் காட்டும். எனக்கு முதலில் அது வேண்டாத வேலையாகத்தான் பட்டது. எழுதினோமா, ஓட்டிப் பார்த்தோமா என்று இருக்கும் ஆள் நான்.

முதல் விதியை நானே எழுதினேன்: அபாயச் செய்தி வந்தால், அதன்பின் எப்போதாவது சைரன் ஊதவேண்டும். மீறல் எதுவுமில்லை என்றது கருவி. பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். மச்சாள் சிரிக்கவில்லை.

"என்ன மச்சான் இது? சைரன் நாளைக்கு ஊதினாலும் இது சரியெண்டுதானே சொல்லும்? தண்ணி வந்து போன பிறகு ஆருக்கு ஊதுறது?"

'எப்போதாவது' என்பதை எடுத்துவிட்டு, இத்தனை படிக்குள் ஊதவேண்டும் என்று எல்லை வைத்தோம். உடனே கருவி பிழையைக் காட்டியது. பற்றரி இறங்கியிருந்தால் முதலில் அதை முழுதாக ஏற்றிவிட்டுத்தான் சைரன் ஊதும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் பற்றரியைப் பொத்திப் பொத்தி வைத்த பழக்கம் நிரலுக்குள்ளும் வந்துவிட்டது. அந்த நிரல்தான் மாங்கேணிக் கோபுரத்துக்குப் போக இருந்தது.

பிறகு யுத்தத்தின் கடைசி மாதங்கள். மச்சாளின் தம்பி வன்னியில் இருந்தான். சண்டை முடிந்து ஆட்கள் முகாம்களுக்கு வந்தார்கள், அவன் வரவில்லை. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. மச்சாள் ஏறாத அலுவலகம் இல்லை. ஒருநாள் மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து இந்தப் படிவத்தோடு திரும்பி வந்தார். கையெழுத்து வைத்தால் பத்திரம் தருவார்களாம். அவருடைய அலைச்சலைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாயைத் திறந்தேன்.

"கையெழுத்தை வைச்சிடுங்க மச்சாள். எல்லை இல்லாத விதி உதவாதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் படிவத்தைத் திருப்பிப் போட்டு இந்த வட்டங்களை வரைந்தார். "இது நீங்க எழுதின அந்த 'எப்போதாவது'. தம்பி வராத நாளெல்லாம் முதல் வட்டத்திலேயே சுத்தும். வந்தாத்தான் மற்றதுக்குப் போகும். இதில எந்த நாளில அது பிழைச்சுப் போச்செண்டு காட்டுங்க, கையெழுத்து வைக்கிறன்."

எத்தனை நாள் காத்திருந்தாலும் அந்த விதி பொய்த்துவிட்டது என்று ஒரு நாளைச் சுட்ட முடியாது. கருவியும் அதையேதான் சொல்லும்.

"சைரன் நாங்க செய்தது, எல்லை வைச்சம். அம்மாவைக் கண்ணால கண்டன், கையெழுத்து வைச்சன். தம்பி வாறதுக்கு எல்லை வைக்க நான் ஆரு மச்சான்?"

படிவத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அன்று நான் சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் புதுக் கணினியில் அந்தக் கருவிகளை ஏற்றினேன். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க விரல்கள் தாமாகவே 'எப்போதாவது' என்பதற்கான எழுத்தில் தொடங்கும் விதியைத்தான் தட்டின. படிவத்தில் இருக்கும் அதே இரண்டு வட்டங்கள் திரையில் வந்தன. மச்சாளுக்குத் தலை நரைத்துவிட்டது. தம்பி பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. மச்சாளைத் தொலைபேசியில் அழைத்து, திரையில் வந்ததைச் சொன்னேன்.

"முதல் வட்டத்தில அந்தத் திரும்பி வாற அம்பு கிடக்கா?" என்று கேட்டார்.

"ஓம் மச்சாள், கிடக்கு."

"அப்ப சரி," என்றார்.