சத்தமில்லாமல் ஓடிய கச்சேரி

வீடியோக் கசெட்டை 'டெக்' விழுங்கும்போது முதலில் 'கடக்' என்று ஒரு சத்தம், பிறகு உள்ளே எதுவோ இழுபடுவதுபோல ஒரு முனகல், அதன் பின் சூடேறிய தூசியின் மணம். லண்டனின் குட்மேய்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேலறையில், திரைச்சீலை எந்நேரமும் மூடிக் கிடந்த அந்தக் குளிர்காலம் எனக்கு அந்த மணமாகத்தான் நினைவிருக்கிறது.

என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, ஜெர்மனியில் 'ஹைம்' என்று எங்கள் ஆட்கள் சொல்லும் அகதி விடுதியில் சில வருடங்கள் இருந்து, அங்கே அகதிக் கேஸ் தோற்று, லொறியொன்றில் ஒளிந்து லண்டனுக்கு வந்திருந்தார். அவருடைய பையில் கொஞ்ச உடுப்பும் சில வீடியோக் கசெட்டுகளும் இருந்தன. எல்லாமே அமெரிக்கத் தென்மாநிலத்து ராக் குழு ஒன்றின் மேடைக் கச்சேரிகள். தாடியும் தோளில் விழும் தலைமயிருமாக, அப்போதே வயதேறிவிட்ட ஆட்கள். கித்தார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் நீண்ட பாட்டுகள். விடுதியில் கூட இருந்த போலந்துக்காரர் ஒருவர் பிரியும்போது கொடுத்தாராம்.

"சித்தப்பா இஞ்சை இருக்கிறதை வெளியிலை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்பது அம்மாவின் கட்டளை. சிநேகிதிகளை நான் வீட்டுக்குக் கூட்டிவர முடியாது. பள்ளியில் குடும்பத்தை வரையச் சொன்னபோது சித்தப்பாவை விட்டுவிட்டு வரைந்தேன். வேறு போக்கிடமில்லாமல் நானும் அவரோடு கட்டிலில் உட்கார்ந்து அதே கச்சேரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சித்தப்பா பார்த்தது பாடுகிறவர்களை அல்ல, வெயிலில் நின்று கூத்தாடிய கூட்டத்தை. "பார் பிள்ளை, இவ்வளவு சனம் நிக்குது, ஒருத்தரும் ஒருத்தரிட்டை விசா கேக்கேல்லை" என்பார். பகிடிதான்; ஆனால் நான் சிரித்தால் அவர் சிரிக்கமாட்டார்.

பள்ளி விடுமுறை நாளொன்றின் பகலில் கதவு மணி அடித்தது. வந்தவர் காஸ் மீட்டர் பார்ப்பவர். மீட்டர் மாடிப்படியின் கீழே இருந்தது. மணி அடித்ததே கேட்காத சித்தப்பா மேலே பாட்டை உச்சத்தில் ஓடவிட்டிருந்தார். கூட்டத்தின் ஆரவாரத்தோடு ஓர் ஆளின் கைதட்டலும் தெளிவாகக் கேட்டது.

"மகள் ரிவி பாக்கிறாள்" என்று அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஒரே மகளான நானோ அம்மாவின் சட்டையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், "நல்ல பாட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்திய அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மேலே போய், "தம்பி, கும்பிட்டுக் கேக்கிறன், இனி இந்தச் சத்தம் வேண்டாம். எங்கடை கேஸும் இன்னும் கிடக்குதெல்லே" என்றார்.

"ஓம் அண்ணி."

அதன் பிறகு கச்சேரி சத்தமில்லாமல் ஓடியது. தந்திகளில் விரல்கள் பறக்கும், வாய்கள் பெரிதாகத் திறக்கும், கேட்பதோ கீழே குக்கர் விசில் மட்டும். சித்தப்பாவின் கால் பெருவிரல் கொஞ்ச நாள் கம்பளத்தில் தாளம் போட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"கொஞ்சம் கூட்டுங்கோவன் சித்தப்பா, எனக்கு மூச்சு முட்டுது" என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"ஏலாது பிள்ளை" என்றார். "எனக்குக் கேக்குது."

பல வருடங்கள் கழித்துத்தான் அவருக்கு விசா கிடைத்தது. கலியாணம் செய்து, வயரிங் வேலை பழகி, லூயிஷாமில் வீடும் வாங்கினார். எங்கள் பழைய வீடு கைமாறிவிட்டது, அப்பா காலமாகிவிட்டார், கசெட்டுகள் எந்தக் குப்பையில் போயினவோ தெரியாது. அந்தக் குழுவிலும் பழைய ஆட்களில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. மிஞ்சிய ஒருவர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு லண்டனில் பாட வருகிறார் என்று தெரிந்ததும் சித்தப்பாவைக் கூட்டிப்போனேன்.

மண்டபக் கதவுகள் மூடின, விளக்குகள் அணைந்தன, சனம் நாலு பக்கமும் நெருக்கியது. இரண்டாவது பாட்டு முடியுமுன் சித்தப்பா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"பிள்ளை, வெளியிலை போற வழி எங்கை?"

வெளியே வந்து, ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். "நீ போய்க் கேள், நான் இதிலை இருக்கிறன்" என்றார். நான் போகவில்லை. வீட்டில் ஒரு கதவையும், குளியலறைக் கதவைக்கூட, இந்த மனுசன் சாத்த விடுகிறாரில்லை என்று சித்தி எப்போதும் பகிடி பண்ணுவார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.