சார்ஜருக்கு வைத்த பொட்டு

போன தை மாதம், திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பில் போடுகிறவள். ஆனால் கெட்டுப்போன சாமான் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். மிக்ஸியோ டார்ச் லைட்டோ, திருகைக் கழற்றி உள்ளே என்னதான் ஆயிற்று என்று பார்த்தே ஆகவேண்டும். பேனா அளவில் ஒரு சால்டரிங் அயர்ன் வைத்திருக்கிறேன். லேப்டாப்புக்குப் போடுகிற சி டைப் சார்ஜரிலேயே சூடாகி ஈயத்தை உருக்கும். கல்யாணத்துக்கும் அதை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டுதான் போனேன். "மத்தவங்க நகைப்பெட்டி எடுத்துக்கினு வராங்க, இவ பத்த வைக்கிற பெட்டிய எடுத்துக்கினு வரா" என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் கிண்டல்.

பெண்ணின் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்துவார். அது அதிரும். அந்த அதிர்வில் வாயை அசைத்தால் பேச்சு வரும். வீட்டில் அதற்குப் பேச்சு மிஷின் என்று பெயர்.

அன்றைக்கு அந்த மிஷினுக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. தாமலில் இருக்கும் தன் அண்ணனோடு அவருக்குப் பல வருடப் பகை. ஏதோ நிலத் தகராறில், "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்று இவர் கத்திவிட்டாராம். அதன் பிறகுதான் நோய், ஆபரேஷன் எல்லாம். பெண் நேரில் போய்ப் பத்திரிகை வைத்தபோது பெரியப்பா ஒன்றே ஒன்று சொன்னாராம். "வரேம்மா. ஆனா வராதன்னு சொன்ன வாயாலயே உங்கப்பன் வான்னு சொல்லணும். இல்லன்னா வாசல்லயே நின்னு அட்சதைய போட்டுட்டுப் போயிடுவேன்." நம் ஊர் சங்கதிதான் தெரியுமே. பந்தியில் பாயசம் தீர்ந்துபோனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். 'வான்னு ஒரு வார்த்தை கூப்பிடல' என்பதைத் தலைமுறைக்கும் மறக்க மாட்டார்கள்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பெண்ணின் அப்பா, நாங்கள் அவளுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்த அறைக்கு வந்து மிஷினை என்னிடம் நீட்டினார். கைதவறிக் கீழே விழுந்திருக்கிறது. அழுத்தினால் சத்தமே இல்லை. மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. பெண் தலையில் பாதிப் பூவோடு எழுந்து வந்துவிட்டாள். "அக்கா, பெரியப்பா பஸ் ஏறிட்டாராம்கா. எதுனா பண்ணுக்கா!"

திறந்து பார்த்தேன். பேட்டரியைப் பிடிக்கிற ஸ்பிரிங்கிலிருந்து சிவப்பு ஒயர் விட்டுப்போயிருந்தது. ப்பூ, இவ்வளவுதானா என்று டேப் ஒட்டினேன். மூடி போட்டதும் பிய்த்துக்கொண்டது. பற்றவைத்தால்தான் நிற்கும். அறைக்குள் இருந்த பிளக்கிலெல்லாம் மேக்கப் விளக்கும் முடி நேராக்கும் மிஷினும். அதனால் கதவுக்கு வெளியே நடையில் இருந்த சுவிட்ச் போர்டில் சார்ஜரைச் செருகினேன். ஒயரைத் திரைச்சீலைக்கு அடியில் இழுத்துவந்து, உள்ளே தரையில் உட்கார்ந்தேன்.

அயர்னின் சின்னத் திரை இருபது வோல்ட் என்று காட்டியது. சூடு ஏறியது. ஈயத்தைத் தொடப் போகிற நேரம் திரை அணைந்து மறுபடி எரிந்தது. ஐந்து வோல்ட்!

இந்த சி டைப் சமாச்சாரம் வேடிக்கையானது. செருகியவுடன் முழு மின்சாரம் தந்துவிடாது. முதலில் சார்ஜரும் கருவியும் பேசிக்கொள்ளும். 'என்னிடம் இவ்வளவு இருக்கிறது' என்று சார்ஜர் சொல்லும். 'எனக்கு இருபது வேண்டும்' என்று கருவி கேட்கும். பேச்சு முடிந்தால்தான் இருபது. முடியாதவரை வெறும் ஐந்து, அதில் ஈயம் வேர்க்கக்கூட வேர்க்காது.

ஒயர் சரியில்லையோ என்று மேக்கப் போட வந்த பெண்ணின் ஒயரை வாங்கி மாற்றினேன். அதே கதை. அயர்னின் முனையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஊஹூம். மண்டபத்து கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று மின்விசிறியைப் பார்த்தேன், அது பாட்டுக்கு ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சமயம் ஐந்திலேயே நிற்கும். ஒரு சமயம் தானாக இருபதுக்கு ஏறும், ஏறிய கையோடு விழும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பதற்றத்தைவிட எனக்கு ஆர்வம்தான் அதிகம். அது ஏன் அப்படி?

"பெரியப்பா வந்துட்டாரு! வாசல்லயே நிக்கிறாரு, யார் கூப்பிட்டாலும் வரமாட்டன்றாரு" என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். அப்பா என் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் காதில் அது விழுந்தது. திரைச்சீலைக்கு வெளியே ஒரு பெண் குரல்: "அப்பாடா, இங்க ஒரு ஓட்டை காலியா இருக்குது!" அடுத்த நொடி அயர்னின் திரையில் இருபது ஐந்தாக விழுந்தது.

திரைச்சீலையைத் தூக்கினேன். என் சார்ஜரில் இரண்டு ஓட்டை. கல்யாண வீட்டில் எல்லோர் போனிலும் சார்ஜ் இல்லை. நடையில் போகிறவர்களெல்லாம் காலி ஓட்டையைப் பார்த்துச் செருகுகிறார்கள். இன்னொருவர் வந்து அதைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகுகிறார். செருகும்போதும் சரி, பிடுங்கும்போதும் சரி, சார்ஜர் இரண்டு பக்கமும் பேச்சை அறுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு ஓட்டையும் நிறைந்தால் ஆளுக்கு ஐந்துதான். பிடுங்கிப் போடப்பட்டிருந்த போன்களைப் பார்த்தால், முதல் போன் என் வீட்டுக்காரருடையது. அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வாயால் சொன்னால் கல்யாண வீட்டில் யார் கேட்பார்கள்? மேக்கப் பெட்டியில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. செருகியிருந்த போனைப் பிடுங்கிவிட்டு, உள்ளதிலேயே பெரிய மெரூன் பொட்டை எடுத்து அந்த இரண்டாவது ஓட்டையின் மேல் ஒட்டினேன். திரும்பி வந்து உட்காரும்போது வெளியே ஒரு அம்மா, "இன்னாடி இது, இதுக்குப் பொட்டு வச்சிருக்குது? பூஜை போட்டுருப்பாங்க போல, தொடாத" என்று மகளை இழுத்துப் போவது கேட்டது.

இருபது வோல்ட் ஆடாமல் நின்றது. ஈயம் உருகி ஒயரைக் கவ்வியது. மூடியை மூடி அப்பாவிடம் கொடுத்தேன். கழுத்தில் வைத்து அழுத்தினார். 'ர்ர்ர்' என்றது. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

வாழை மரத்துக்கு அடியில் பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அப்பா வாயசைத்தது தெரிந்தது, ஆனால் மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா திரும்பி மேளக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஏற்ற இறக்கமே இல்லாத அந்த மிஷின் குரலில் அவர் சொன்னார்: "வா... ண்ணா."

பெரியப்பாவின் முகம் கோணியது. கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. "இன்னொரு தபா சொல்லுடா" என்றார். அப்பா மறுபடி சொன்னார். "இன்னொரு தபா" என்று சொல்லிக்கொண்டே அவர் படியேறி வந்து தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மிஷின் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வார்த்தையே இல்லாமல் 'ர்ர்ர்' என்று கத்திக்கொண்டே இருந்தது. நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அந்தப் பொட்டை நான் இன்னும் பிய்க்கவில்லை. எந்த வீட்டில் யாரோடு யாருக்குப் பேச்சில்லை என்று கேள்விப்பட்டாலும் அந்த மண்டபத்து நடைதான் எனக்கு ஞாபகம் வரும். அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் நடுவில் நாம் எதையும் செருகாமல் இருந்தாலே போதுமோ என்று தோன்றும்.